குலாஷ் வேண்டாம் என்று சொன்ன அக்கா

திங்கட்கிழமை எங்கள் சாப்பாட்டுக் கடை பூட்டு. எங்களை மட்டும் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மருமகன் இருந்தான். கையில் ஒரு கடதாசி.

மருமகனின் மனைவி இருந்தாள். கடையைத் தொடங்கின ஆஸ்திரியக் கிழவரின் மகள் அவள். கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.

பெரிய குக் இருந்தார். ஹெயிட்டிக்காரர்.

பாரில் நிற்கும் கியூபெக்காரி இருந்தாள்.

பாத்திரம் கழுவும் வங்காளி இருந்தார்.

நான் இருந்தேன். உருளைக்கிழங்கு உரிப்பது, முட்டைக்கோவா வெட்டுவது, சூப் வைப்பது என் வேலை.

மேசைகளுக்குப் பரிமாறும் அக்கா இருந்தார். நாங்கள் எல்லாரும் கதிரையில். அவர் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

மருமகன் கடதாசியை வாசித்தான். யாரோ இன்டர்நெட்டில் எங்கள் கடையைப் பற்றி எழுதியிருந்தது. முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். தண்ணீர் வைக்க ஆள் இல்லை. பொரித்த ஷ்னிட்சல் இறைச்சி ஈரக் கடதாசி மாதிரி. குலாஷ் குழம்பு வெளியே சூடு, உள்ளே ஐஸ். முந்தி நல்ல கடையாம், இப்போது போகாதீர்கள். கடைசி வரியை அவன் இரண்டு தரம் வாசித்தான். பரிமாறுகிற பெண்ணே சாப்பாடு சரியில்லை என்று எங்களுக்குச் சொன்னாள்.

"யார் சொன்னது?" என்று கேட்டான்.

கேட்கத் தேவையில்லை. மற்றப் பரிமாறுகிற ஆட்களை அவன் ஏற்கெனவே நிற்பாட்டிவிட்டான். மேசைகள் முழுவதுக்கும் அக்கா ஒரு ஆள்.

"நான்தான்," என்றார் அக்கா. அவருடைய பிரெஞ்சு அவ்வளவுதான் வரும்.

"ஏன் சொன்னாய்?"

"குலாஷ் பழசு."

கியூபெக்காரி சிரிப்பை அடக்க மூக்கைத் துடைத்தாள். மருமகன் சிரிக்கவில்லை. இனி ஒரு தரம், ஒரு ஆளுக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே கடைசி நாள் என்றான். அக்கா தலையாட்டினார். விளங்கினது என்பதற்கு ஆட்டினார். ஓம் என்பதற்கு அல்ல. அவருடைய தலையாட்டலில் எனக்கு வித்தியாசம் தெரியும்.

பிறகு கிழவரின் மகள் பேசினாள். வருகிற ஞாயிறு அப்பாவின் பிறந்தநாள். பழைய சிநேகிதர்களோடு இங்கே வந்துதான் சாப்பிடுவேன் என்று நிற்கிறார். அவருடைய இதய நோய் உங்களுக்குத் தெரியும். கடை இப்படி ஆனது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாரையும் பார்த்துச் சொல்லத் தொடங்கி அக்காவைப் பார்த்து முடித்தாள்.

"உன்னிடம்தான் கேட்பார்," என்றாள். "எப்போதும் உன்னிடம்தான் கேட்பார்."

அதற்கு அக்கா தலையாட்டவில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். நான் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுதவில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டு ஹெயிட்டிக்காரரும் அக்கா என்றார். பிறகு வங்காளி. பிறகு கிழவர். கடைசியில் வருகிற ஆட்களும், "போன்ஜூர் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்து கதிரையில் இருப்பார்கள். அறுபது வயது வெள்ளைக்காரன் அக்கா என்பான். அவர் முகம் மாறாது. மெனுவை வைப்பார்.

குள்ளம். நடை வேகம். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருப்பார். யாழ்ப்பாணத்து வேதக்காரர். கையில் செபமாலை மோதிரம். குசினி யன்னலில் பிளேட் வந்ததும் தூக்கமாட்டார். முதலில் விரலின் பின்பக்கத்தைப் பிளேட்டின் கரையில் வைப்பார். சூடு காணாவிட்டால் விரலை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்பார். குக் தானாகத் திருப்பி எடுக்கவேண்டும். சண்டை இல்லை. நிற்பார், அவ்வளவுதான். குக் ஹெயிட்டி மொழியில் ஏதோ சொல்லுவார். எனக்கு விளங்காது. நல்ல வார்த்தை இல்லை என்று மட்டும் தெரியும்.

வருகிற ஆட்களோடு அவர் அதிகம் கதைக்கிற இரண்டு சொல், "பா ஓஜூர்துய்." இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். மீன் கேட்டால், மீன் முந்தின நாள் வந்ததாக இருந்தால், "பா ஓஜூர்துய்." ஏன் என்று சொல்லமாட்டார். வேறு எது நல்லது என்று கேட்டால் விரலால் மெனுவில் தொட்டுக் காட்டுவார்.

என் சூப்புக்கும் சொன்னார். நான் சூப் வைக்கத் தொடங்கின முதல் மாதம், அடி பிடித்துவிட்டது. கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

"தம்பி, இதைக் குடுக்கேலாது."

"ஆருக்கும் விளங்காதக்கா. மேல் பக்கமா எடுத்து ஊத்துறன்."

"எனக்கு விளங்குது."

வெளியே போய் எல்லா மேசைக்கும் சூப் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் அன்றைக்குப் பானையைத் தேய்த்தேன்.

அவரும் பாத்திரம் கழுவத்தான் அந்தக் கடைக்கு வந்தவர். கிளாஸ்களைத் தட்டில் வைத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவால் போகும்போது ஒரு மனிதர் மறித்து, மீன் புதிதா என்று கேட்டிருக்கிறார். இவர், "நோன்", இல்லை, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிழவர் பின்னால் நின்றவர். கேட்டுவிட்டார். குசினிக்குள் வந்து மீனை எடுத்து மணந்து பார்த்தார். கொட்டினார். அடுத்த கிழமை இவருக்கு வெள்ளை ஏப்ரன் கொடுத்து வெளியே விட்டார். இதை எனக்குச் சொன்னது கிழவர். அக்கா சொல்லவில்லை. கேட்டதற்கு, "ஓம், அப்பிடி ஒண்டு நடந்தது," என்றார்.

கிழவர் இருந்த காலத்தில் அந்தச் சொல் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். வந்தால் கிழவர் அந்தச் சாப்பாட்டை அன்றைக்கு நிற்பாட்டுவார். ஆட்களுக்கும் அது பிடித்திருந்தது. அக்கா எதைத் தொட்டுக் காட்டுகிறாரோ அதையே கேட்பவர்கள் இருந்தார்கள். மெனுவைத் திறக்கவே மாட்டார்கள்.

அவருடைய இந்தக் குணம் எல்லா இடத்திலும் நல்லதுக்கு முடிந்தது என்று சொல்லமாட்டேன்.

அகதி விசாரணையில் வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆமி அடித்தது என்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் கனபேர் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். எல்லாருக்கும் நடந்தது கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், கேட்கிறவனுக்கு ஒரே மாதிரிச் சொன்னால்தான் விளங்கும். அக்காவிடம் கேட்டார்கள், ஆமி அடித்ததா என்று.

"இல்லை. அடிக்கேல்லை. வாசலில வந்து நிண்டவங்கள். நான் பயந்தனான்."

மொழிபெயர்த்தவர் எங்கள் ஆள். தமிழிலேயே திரும்பக் கேட்டிருக்கிறார், "அக்கா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ." இவர் வடிவாக யோசித்து அதையே சொன்னார். வழக்கு விழுந்தது. அவருடைய தங்கைக்கு அதே வக்கீல், அதே மாதம், வழக்கு வென்றது. பிறகு வேறு வழியால் பேப்பர் கிடைக்கக் கனகாலம் எடுத்தது. அவருடைய மனுசன் சபையில் வைத்தே சொல்லுவார்.

"இவவின்ர உண்மைக்கு என்ர நாலு வருசம் போச்சு."

"அடிக்கேல்லை எண்டால் அடிக்கேல்லைதானேயப்பா," என்பார் அக்கா. கோபமே இருக்காது. பேணியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சொல்லுவார்.

அந்த மனுசன் தையல் பக்டரி மூடினபிறகு வீட்டில் இருந்தார். முதுகு நோ. வீடு ஓடினது அக்காவின் உழைப்பில். ஐம்பத்தாறு வயது, இரண்டு சொல் பிரெஞ்சு. மொன்ட்ரியாலில் வேறு எந்தக் கடையும் அவரை மேசைக்கு விடாது. அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமையை நான் முதலில் எழுதினேன்.

என் மனைவி நாட்டிலிருந்து வந்த வருடம், அக்காவை மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். மனைவி விடியவே எழும்பி நண்டுக் குழம்பு வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சாப்பாட்டை வைத்துவிட்டு, ஒன்றும் சரியாக வரவில்லை, சும்மா சாப்பிடுங்கோ என்று சொல்லவேண்டும். வந்தவர், சீச்சீ, அந்தமாதிரி ருசி என்று சொல்லவேண்டும். மனைவி சொன்னாள்.

"ஒண்டும் சரியா வரேல்லை அக்கா. சும்மா போட்டுச் சாப்பிடுங்கோ."

அக்கா ஒரு வாய் வைத்தார்.

"ஓம். புளி கூடிப்போச்சு."

பிறகு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். நண்டுக் காலை உடைத்து வடிவாகச் சாப்பிட்டார். மனைவி அவரோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. மாதா கோயிலில் கண்டாலும் மற்றப் பக்க வாங்கில் போய் இருப்பாள். "புளி கூடினது உண்மைதானே," என்று நான் ஒரு நாள் சொன்னேன். என்னோடும் கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

கிழவர் கடையில் விழுந்தது ஒரு மத்தியானம். குசினியில் இறைச்சி தட்டிக்கொண்டு நின்றவர், சுத்தியலை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். அம்புலன்ஸ் வந்தது. உயிர் தப்பினார். லவாலில் மகள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். மருமகன் கடைக்கு வந்தான். அதற்கு முதல் அவன் யன்னல் கண்ணாடி வித்தவன்.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். கடை நட்டத்தில் போகுது என்று பயந்தான். பயத்தில் ஒவ்வொன்றாக வெட்டினான். கன்றிறைச்சி வாங்கித் தட்டி, பாண்தூள் பிரட்டிப் பொரிப்பதுதான் ஷ்னிட்சல். அது பெட்டியில் வரத் தொடங்கினது. பிரட்டி, பொரித்து, ஐஸாக்கி. என்ன இறைச்சி என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் விளங்காது. மெனுவில் கன்று என்றே கிடந்தது. குலாஷ் என்கிற மாட்டிறைச்சிக் குழம்பு வாளியில் வந்தது. சிவப்புக் கோவா பையில் வந்தது. ஆப்பிளைச் சுருட்டிச் சுடுகிற ஸ்ட்ரூடலும் வந்து இறங்கினது. ஹெயிட்டிக்காரருக்கு அடுப்பு வேலை குறைந்து மைக்ரோவேவ் வேலை கூடினது. அவர் அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்.

சூப்பை மட்டும் விட்டுவிட்டான். உருளைக்கிழங்கு மலிவு. நானும் மலிவு.

அக்காவின் வாயில் அந்தச் சொல் கூடினது. முதலில் ஷ்னிட்சலுக்கு. பிறகு குலாஷுக்கு. பிறகு சொசேஜுக்கு. ஒரு கட்டத்தில் மேசைக்கு வந்தவர்கள் எதைக் கேட்டாலும், "பா ஓஜூர்துய்." விரல் போய் நிற்பது சூப்பில். பழைய ஆட்கள் சூப்பைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். பிறகு வராமல் விட்டார்கள். புது ஆட்களுக்குக் கோபம். சாப்பிட வந்த இடத்தில் சாப்பாடு தராத பரிமாறுகிற பெண்ணை அவர்கள் எங்கே கண்டிருப்பார்கள்? ஒருத்தன் எழும்பி நின்று கத்தினான், "நான் கேட்டதைக் கொண்டுவருவதுதான் உன் வேலை!" அக்கா கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு அவன் முதல் வாய் வைக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றார். அது இன்னும் மோசம்.

இதுக்குள் எங்கள் ஆட்களும் ஒரு தரம் வந்தார்கள். டொலார்டில் இருக்கிற குடும்பம். நான் நாட்டிலிருந்து வந்த புதிதில் எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர் அந்த வீட்டுக்காரர். மகன் யூனிவர்சிட்டி முடித்த சந்தோசத்துக்கு, உங்கட கடைக்குத்தான் வாறம் தம்பி என்று வந்தார்கள். தாய், தகப்பன், மகன். மாடு சாப்பிடமாட்டார்கள். கோழி ஷ்னிட்சல் கேட்டார்கள். நான் குசினிக் கதவால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தமிழ் ஆட்கள்தானே, அக்கா தமிழிலேயே சொன்னார்.

"அது இண்டைக்குச் சரியில்லை. வேண்டாம்."

தாய் சிரித்தா. "சும்மா சொல்லாதேங்கோ. கொண்டாங்கோ, கொண்டாங்கோ."

"இல்லையம்மா. உண்மையாத்தான். பெட்டியில வாறது."

"உங்கட கையால வைச்சால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்!"

"நான் வைக்கிறேல்லை. மெசின் வைக்குது."

தகப்பனுக்கும் சிரிப்பு. "நல்ல பகிடிக்காரி. மூண்டு கொண்டாங்கோ பிள்ளை."

எங்கள் ஆட்களுக்கு வேறு மாதிரி நினைக்கத் தெரியாது. சாப்பாடு சரியில்லை என்று சொன்னால் பணிவு என்று நினைப்பார்கள். எவ்வளவுக்குச் சரியில்லை என்று சொல்கிறாரோ அவ்வளவுக்கு நல்லாயிருக்கும் என்று நினைப்பார்கள். மேலே மூன்று குலாஷும் கேட்டிருப்பார்கள், மாடு என்றபடியால் கேட்கவில்லை. மகனுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அவன் இங்கே பிறந்தவன். ஆங்கிலத்தில் தாய்க்கு ஏதோ சொன்னான். பேசாதே என்று தாய் கையால் காட்டினா. கடைசியில் தனக்கு மட்டும் குலாஷ் சொன்னான். கூட்டாளிமாரோடு சாப்பிட்டுப் பழக்கம் போல. தாய் முகத்தைத் திருப்பினா.

ஷ்னிட்சல் இரண்டு போனது. தகப்பன் கத்தியை வைத்து அறுத்தார். அறுபடவில்லை. மகன் கரண்டியை இறைச்சிக்குள் விட்டான். நடுவில் ஐஸ். பில்லைக் கொடுத்துவிட்டுப் போகும்போது தாய் அக்காவிடம் நின்றா.

"முதலே சொல்லியிருக்கலாம்தானே நீங்கள்?"

அக்கா குசினிக்குள் வந்து என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னனான்தானே தம்பி?"

"ஓமக்கா. சொன்னனீங்கள்."

"பிறகென்ன?"

அந்த மகன்தான் எழுதினவன். மருமகன் திங்கட்கிழமை வாசித்த கடதாசி அதுதான்.

அந்தக் கிழமை முழுவதும் அக்கா வாய் திறக்கவில்லை. சொன்ன சொல் கேட்டார். ஆனால் யாராவது குலாஷ் என்றால் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதாமல் நிற்பார். அவர்கள் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் திரும்ப மெனுவைப் பார்ப்பார்கள். ஷ்னிட்சல் என்பார்கள். பேனை அசையாது. சூப் என்றால் எழுதும்.

"அக்கா, இது சொல்லுறதைவிட மோசம்," என்றேன்.

"வாய் திறந்தனானோ?"

"இல்லை."

"பிறகு?"

வெள்ளிக்கிழமை ஹெயிட்டிக்காரர் அவரைப் பிடித்தார். தனக்கும் வயது போய்விட்டது, வேறு கடை இல்லை என்றார். ஒரு மேசை, ஒரு மத்தியானம், ஒரு சொல், பிரெஞ்சில் 'பொன்'. நல்லது. அவ்வளவுதான் கேட்கிறோம் என்றார். நானும் கேட்டேன். கிழவரின் இதயத்தைப் பற்றிச் சொன்னேன். அக்கா கரண்டிகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கிழவர் என்னைக் குசினிக்குள்ள இருந்து வெளியில விட்டது ஏன் தம்பி?"

"தெரியும்."

"அப்ப நான் என்னெண்டு பொய் சொல்லுறது?"

அக்கா அடுத்த கரண்டியை எடுத்தார். பிறகு அவரே சொன்னார், "நேற்று இரவு நித்திரை இல்லை. அந்தாளுக்கு ஏதும் நடந்தால் என்ர கையாலதானே?" அவர் பயந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை ஹெயிட்டிக்காரர் ஒரு வழி கொண்டுவந்தார். கிழவருக்கு மட்டும் நல்ல கன்றிறைச்சி ஒரு துண்டு வாங்குவது. தானே தட்டி, தானே பொரிப்பது. மற்றவர்களுக்குப் பெட்டி. அவர்களுக்கு வயது போய்விட்டது, வித்தியாசம் தெரியாது. கிழவர் ஷ்னிட்சல்தான் கேட்பார், வேறு கேட்டதில்லை. அக்காவிடம் கேட்டால் நல்லது என்று சொல்லலாம். அது பொய் இல்லை.

அக்கா ஏப்ரன் முடிச்சை இறுக்கினார்.

"அது பொய் இல்லைத்தான்," என்றார்.

நாங்கள் மூச்சு விட்டோம். மருமகன் போய் இறைச்சி வாங்கிவந்தான். தன் கையாலேயே வாங்கிவந்தான்.

இன்னொன்று இந்த இடத்தில் சொல்லவேண்டும். கடை இல்லாமல் போய்க் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு ஒரு கலியாணத்தில் அக்காவைக் கண்டேன். மண்டபத்தில் சாப்பாடு வரிசை. அக்கா தட்டோடு நின்றார். ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்து மணந்தார். பின்னால் திரும்பி வரிசை முழுவதுக்கும், "இறைச்சி வேண்டாம் பிள்ளையள், கத்தரிக்காய் போடுங்கோ," என்றார். மாப்பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் நின்றார். முகம் கறுத்துவிட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இறைச்சி போட்டார்கள். என் மனைவி கத்தரிக்காய் போட்டாள். எனக்கும் அதையே போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் பிறந்தநாளுக்குக் கடைக்கு வந்தார். ஊன்றுகோல். ஒரு பக்கம் மகள். உடம்பு பாதியாகிவிட்டது, கோட்டுக்குள் ஆள் இல்லாத மாதிரி. சிநேகிதர்கள் பின்னால் வந்தார்கள், எல்லாரும் வயதானவர்கள், இரண்டு கிழவிகள் பூவோடு. நீட்டு மேசை போட்டிருந்தோம். கிழவர் நடுவில் இருந்தார். குசினிப் பக்கம் பார்த்துக் கை காட்டினார். நான் கதவில் நின்று கை காட்டினேன்.

மருமகன் பாருக்குப் பக்கத்தில். மகள் தகப்பனின் தோளில் கை வைத்தபடி. கியூபெக்காரி கிளாஸ் துடைக்கிற மாதிரி நின்றாள். குசினியில் ஹெயிட்டிக்காரர் அந்த ஒரு துண்டைத் தட்டி வைத்திருந்தார். சட்டி சூடாகிக்கொண்டு இருந்தது.

அக்கா மெனுக்களை வைத்தார். கிழவர் திறக்கவில்லை.

"போன்ஜூர் அக்கா. ஷ்னிட்சல் எப்படி?"

எல்லாருக்கும் கேட்டது. அக்கா கையில் பேனை.

"உங்களுக்கு நல்லது," என்றார் பிரெஞ்சில். அதோடு நின்றிருக்கலாம். நின்றார். ஒரு மூச்சு எடுக்கிற நேரம் நின்றார். பிறகு மேசையைச் சுற்றி மற்ற முகங்களைப் பார்த்தார். பூ கொண்டுவந்த கிழவிகளில் ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவர்களுக்கு, பா ஓஜூர்துய்."

மகள் கண்ணை மூடினாள். கிழவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருடைய நெஞ்சைப் பார்த்தேன். சேர்ட் ஏறி இறங்கினது.

அவர் கண்ணாடியைப் போட்டார். மெனுவைத் திறந்தார். மேலேயிருந்து தொடங்கினார்.

"குலாஷ்?"

"பா ஓஜூர்துய்."

"சொசேஜ்?"

"பா ஓஜூர்துய்."

"மீன்?"

"பா ஓஜூர்துய்."

ஒவ்வொன்றாக வாசித்தார். சத்தமாக வாசித்தார். அவர் எழுதின மெனு அது, பாராமலே சொல்லத் தெரிந்தவர். விரலை வைத்து வாசித்தார். கோவாவுக்கும் அதே சொல். ஸ்ட்ரூடலுக்கு அக்கா தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. முந்தி அதைச் செய்தது கிழவரின் செத்துப்போன மனைவி.

மருமகன் வந்தான். அக்காவுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னான், ஏப்ரனைக் கழற்று என்று. அக்கா பேனையை மேசையில் வைத்தார். கை பின்னால் முடிச்சுக்குப் போனது.

"பொறு," என்றார் கிழவர். மருமகனைப் பார்க்கவில்லை. "அவள் இன்னும் ஓடர் எடுக்கவில்லை."

கிழவர் மெனுவின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார். மகள் அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். அவர் விடவில்லை.

"உருளைக்கிழங்கு சூப்?"

"பொன்," என்றார் அக்கா. "நல்லது. இன்றைக்கு வைத்தது."

கிழவர் சிநேகிதர்களைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. அவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக மெனுவை மூடினார்கள். சிரித்த கிழவி மடியில் துணியை விரித்தாள். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். பிறகு மேசையில் கிடந்த பேனையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா எழுதினார். முடிச்சு பாதி அவிழ்ந்த ஏப்ரனோடு குசினி யன்னலுக்கு வந்தார். முகம் எப்போதும் போல.

"தம்பி, சூப். பதின்மூண்டு."